பயிற்றுநர்களுக்கு இரண்டே விதிகள்

கொட்டாஞ்சேனை,
16.03.1997

அன்பின் தம்பி பேர்னாட்டுக்கும் றஞ்சிதத்துக்கும் அக்கா எழுதுவது.

நான் சுகம். மழை வந்தால் முழங்கை நோகிறது, அவ்வளவுதான். அங்கே மஸ்கற்றில் வெயில் தொடங்கியிருக்கும். றஞ்சிதம் ஆஸ்பத்திரி வேலையோடு சாப்பாட்டையும் கவனிக்கட்டும். உங்கள் சுகத்துக்குக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்தோறும் கேட்கிறேன்.

போன ஞாயிறு நான் பயிற்சி கொடுக்கும் விடிவெள்ளிப் பிள்ளைகள் வெள்ளவத்தை அணியோடு வலைப்பந்து இறுதிப்போட்டி ஆடினார்கள். பதினேழுக்குப் பதினாறு. தோற்றுவிட்டோம். கடைசி நிமிடத்தில் லுத்பியா போட்ட பந்து அழகாக வளையத்துக்குள் விழுந்தது. ஆனால் பந்தைப் பிடித்த பிறகு காலை இழுத்தாள் என்று நடுவர் விசிலை ஊதிவிட்டார். கோல் சேரவில்லை.

நடுவரை உனக்குத் தெரியாது. பெயர் கௌரி. யாழ்ப்பாணத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். போன வருடம் வவுனியா வழியாக வந்து, தாயோடு வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருக்கிறார். நடுவர் பரீட்சையில் தேறியவர்கள் எங்கள் சங்கத்தில் இரண்டு பேர்தான். அதில் இவர் ஒருவர். சம்பளமில்லாமல் ஞாயிறுதோறும் வந்து ஊதுவார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கையெழவில்லை. இவர் எங்கிருந்து வந்தவர், அட்டையைப் பாருங்கள் என்று கூட்டத்திலிருந்து சிங்களத்தில் ஒரு சத்தம் எழுந்தது. வாசலில் நின்ற பொலிஸ்காரர் இருவர் உள்ளே வந்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். கொழும்பில் தங்க வெள்ளவத்தைப் பொலிஸில் பதிந்த துண்டு அறையில் இருந்துவிட்டது. விசில் கழுத்தில் தொங்கியபடியே ஜீப்பில் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் நான் எங்கள் அலுவலகச் சட்டத்தரணி ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். செவ்வாய்க்கிழமை விட்டார்கள்.

சங்கத் தலைவர் ஸவாஹிர் நானா அவசரக் கூட்டம் வைத்தார். ஆடுகிறவர், ஆட்டுவிக்கிறவர், ஊதுகிறவர், பார்க்கிறவர் எல்லாருக்கும் ஒரு நன்னடத்தைக் கோவை வேண்டும் என்று முடிவு. எழுதும் வேலை செயலாளரான என் தலையில். புதுக்கடை நீதிமன்றத்தடியில் பதினெட்டு வருடம் சட்டக் கடதாசி தட்டச்சு அடித்தவள்தானே என்றார்கள். நீ ஒன்பது வருடம் உதைபந்து நடுவராக இருந்தவன். உனக்குத் தோன்றுவதை எழுது.

இருவருக்கும் என் அன்பு முத்தங்கள்.

அக்கா இமெல்டா


மஸ்கற்,
02.04.1997

அன்பு அக்காவுக்கு,

உயிர்த்த ஞாயிறுக்கு உங்கள் கடிதம் கையில் இருந்தது. நாங்கள் இருவரும் நலம். முழங்கைக்கு றஞ்சிதம் ஒரு தைலம் அனுப்புகிறாள். மணக்கிறது என்று ஒதுக்கி வைக்க வேண்டாமாம்.

கௌரியைப் பற்றி வாசித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. எங்கள் காலத்தில் நடுவருக்குக் கல் எறிந்தார்கள். ஒருமுறை முழுத் தேங்காயே வந்தது. கல் பட்டால் இரண்டு நாளில் ஆறிவிடும். இது வேறு. இந்தக் காலத்தில் ஒரு சொல் ஓர் ஆளை எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் திரும்பி வந்தது தெய்வாதீனம்.

கோவையை ஆளாளுக்குப் பிரித்து எழுதுங்கள். வீரர், பெற்றோர், நடுவர், பயிற்றுநர் என்று தனித்தனியாக. பொதுவாக எழுதினால் வாசிக்கிறவன் எல்லாம் அடுத்தவனுக்குத்தான் எழுதியிருக்கிறது என்று நினைப்பான். மீறினால் என்ன தண்டனை என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். கத்தியது யார்?

அன்புடன் தம்பி,
பேர்னாட்


கொட்டாஞ்சேனை,
20.04.1997

அன்பின் தம்பிக்கும் றஞ்சிதத்துக்கும்,

தைலம் கிடைத்தது. மணந்தாலும் பூசுகிறேன் என்று றஞ்சிதத்திடம் சொல். புது வருட லீவுக்குத் தெரு முழுக்க வெடி. ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு ஒருமுறை நின்று பிறகுதான் அது வெடிதான் என்று தெளிகிறது.

கோவையின் முதற் பிரதியை இதனோடு வைத்திருக்கிறேன். நீ சொன்னபடியே பிரித்திருக்கிறேன். பார்வையாளர் பகுதியை மிகக் கவனமாக எழுதினேன்: “எவருடைய இனம், மதம், மொழி, பிறந்த ஊர், வதிவிடம் ஆகியவற்றைக் குறித்து மைதானத்தில் எவரும் குரல் எழுப்பலாகாது. பாதுகாப்புப் பிரிவினரின் கவனத்தை விளையாட்டுத் தகராறு ஒன்றின்பால் ஈர்க்கும் எச்செயலும் பாரதூரமான குற்றமாகும். தண்டனை: ஓராண்டு விலக்கு.” சட்டத்தரணி ஐயா வாசித்துவிட்டு, “ஒரு கமா கூட மாத்தத் தேவையில்லை” என்றார்.

கூட்டக் குறிப்பில் என்ன எழுதுவது என்று கேட்டேன். ஸவாஹிர் நானா சொன்னார்: “பேரொண்டும் வாணாம் இமெல்டா. ஒரு பார்வையாளர் எண்டு போடுங்க, போதும்.” அப்படியே தட்டச்சு அடித்தேன்.

கௌரி அதன் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. மற்ற நடுவரும் ஒதுங்கிவிட்டார். மூன்று ஞாயிறு நடுவரில்லாமல் போட்டி நின்றது. நான்காம் ஞாயிறு ஒரு தகப்பன் ஊதினார். பாதியில் விசிலை எறிந்துவிட்டுப் போனார்.

ஒருகொடவத்தை டிப்போவில் வேலை செய்த செபஸ்தியன் அடுத்த கிழமை மஸ்கற்றுக்கு வருகிறான். மாசிச் சம்பல் ஒரு போத்தல் கொடுத்துவிடுகிறேன்.

சுகமாய் இருங்கள்.

அக்கா


மஸ்கற்,
05.05.1997

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். செபஸ்தியன் வந்தான். மாசிச் சம்பல் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. அவன் இறுதிப்போட்டிக்கு வந்திருந்தானாம். நிறையக் கதைத்தான்.

கோவையை மூன்று தடவை வாசித்தேன். நன்றாக இருக்கிறது. பார்வையாளர்களுக்குப் பதினான்கு விதிகள். விளையாடும் பிள்ளைகளுக்குப் பதினொன்று. நடுவர்களுக்கு ஆறு. பயிற்றுநர்களுக்கு இரண்டே விதிகள்: நேரத்துக்கு வர வேண்டும், சீருடை பார்க்க வேண்டும்.

அது மட்டும் ஏன் அக்கா இவ்வளவு சின்னதாக இருக்கிறது?

அன்புடன்,
பேர்னாட்


மஸ்கற்,
22.06.1997

அன்பு அக்காவுக்கு,

ஏழு கிழமையாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. சுகமில்லையா? பக்கத்து வீட்டு நம்பருக்கு எடுத்தேன். நீங்கள் வேலைக்குப் போய்வருவதாகச் சொன்னார்கள். அது கேட்டு ஓரளவு ஆறுதல்.

நான் கேட்டதில் பிழையிருந்தால் மன்னியுங்கள். பதில் எழுத வேண்டும் என்றில்லை. சும்மா இரண்டு வரி எழுதுங்கள். முழங்கை எப்படி, மழை எப்படி என்று. றஞ்சிதமும் தபால்காரனைப் பார்த்தபடி இருக்கிறாள்.

தம்பி


கொட்டாஞ்சேனை,
06.07.1997

என் அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இதற்கு முன் நான்கு கடிதம் தொடங்கிக் கிழித்தேன்.

கத்தியது நான்தான்.

கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது என்று உனக்கு எழுதினேன். கூட்டம் என் பின்னால் நின்றது. நான் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கௌரிக்கும் எனக்கும் மூன்று அடி தூரம். எட்டு வருடமாக ஒரு கிண்ணத்துக்கு ஆசைப்பட்டேன். அந்தப் பந்து விழுந்ததும் லுத்பியா துள்ளினாள், நானும் துள்ளினேன். அதற்குள் விசில். வெள்ளவத்தையில் இருக்கிறவள் வெள்ளவத்தைக்குத்தான் ஊதுவாள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எனக்குள் ஏதோ எரிந்தது. “மேகி கொஹென்த ஆவே? காட் எக்க பலன்ன!” என்று கத்தினேன். இவள் எங்கிருந்து வந்தாள், அட்டையைப் பாருங்கள் என்று.

கோபத்தில் வாய் தவறியது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். வாய் தவறினால் தமிழில் அல்லவா தவறியிருக்க வேண்டும்? கௌரிக்குச் சிங்களம் வராது. அந்த மைதானத்தில் சிங்களத்தில் சொன்னால்தான் விளங்கும் என்ற ஆட்கள் வாசலில் நின்ற அந்த இருவர் மட்டும்தான். அவர்கள் நிற்பது எனக்குத் தெரியும். உள்ளே வரும்போது நானே அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஜீப்பில் ஏறுமுன் கௌரி கையிலிருந்த புள்ளித்தாளை லுத்பியாவிடம் கொடுத்தார். “ரெண்டு கப்டன்மாரும் கையெழுத்து வைக்க வேணும் பிள்ளை, துலைச்சுப் போடாதேங்கோ” என்றார். அழவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார்.

திங்கட்கிழமை காலை பொலிஸ் நிலையத்துக்குப் போனால், மர வாங்கில் அவருடைய அம்மா இருக்கிறார். சிவமணி என்று பெயர். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, “ஆரெண்டே தெரியாத எங்களுக்காகத் தெய்வம் மாதிரி வந்தனீங்கள் பிள்ளை” என்றார். கையை இழுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு கோவை எழுதச் சொன்னார்கள். பார்வையாளர் மேல் பதினான்கு விதி எழுதினால் என் மேலிருப்பது குறையும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. நீ எண்ணிப் பார்ப்பாய் என்று நினைக்கவில்லை.

றஞ்சிதத்திடம் இதைக் காட்டுவதா என்பது உன் விருப்பம். நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள்.

இமெல்டா


மஸ்கற்,
19.07.1997

என் அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கடிதத்தை றஞ்சிதமும் வாசித்தாள். வாசித்துவிட்டு, “அக்கா சாப்பிடுறாவோ எண்டு கேளுங்கோ” என்றாள். சாப்பிடுகிறீர்களா?

எனக்கு மே மாதமே தெரியும். செபஸ்தியன் சொன்னான். அவன் அதை ஒரு வீரக்கதை மாதிரிச் சொன்னான். “உங்கட அக்கா ஒரு சத்தம் போட்டா பாருங்கோ, பொலிஸே ஓடி வந்திட்டுது!” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அறைக்குள் போய்விட்டேன். உங்களுக்கு அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்களாகச் சொன்னால் அது வேறு, நான் சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டால் அது வேறு என்று தோன்றியது. நான் செய்தது சரியோ தெரியாது. மே மாதத்திலிருந்து நானும் சரியாகத் தூங்கவில்லை.

உங்களைப் பார்த்துத் தலை நிமிர்த்திப் பேச எனக்கும் யோக்கியதை இல்லை. நான் ஏன் நடுவர் வேலையை விட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமா? முழங்கால் வலி என்றுதான் வீட்டில் சொன்னேன். எண்பத்தெட்டில், நம் ஊர்க்காரர் இருநூறு பேர் கோட்டில் நின்ற ஒரு போட்டியில், இல்லாத பெனால்ட்டி ஒன்றைக் கொட்டாஞ்சேனைக்குக் கொடுத்தேன். பயத்தில். நாங்கள் வென்றோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். தோற்ற அணியின் கோல் காவலன் வந்து, “அது பிழைதானே அண்ணே?” என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். அதற்குப் பிறகு விசிலை வாயில் வைக்க முடியவில்லை. ஒன்பது வருடமாக யாருக்கும் சொல்லாததை இன்றைக்கு உங்களுக்கு எழுதுகிறேன். அவனைத் தேட நினைத்தும் நான் தேடவில்லை.

கௌரி வெள்ளவத்தையில்தானே இருக்கிறார். பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலம்.

அன்புடன் தம்பி


கொட்டாஞ்சேனை,
10.08.1997

அன்பின் தம்பிக்கும் றஞ்சிதத்துக்கும்,

சாப்பிடுகிறேன். முழங்கை பரவாயில்லை. பெனால்ட்டிக் கதையை நான் வைத்துக்கொள்கிறேன்; ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

நேற்றுப் போனேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மேல்மாடி அறை. சிவமணி அம்மா என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். பிளேன்டீ ஊற்றினார். “இவதான் பிள்ளை அண்டைக்கு வந்தவ” என்று மகளுக்கு என்னை அறிமுகம் செய்தார். கௌரி, “தெரியும் அம்மா” என்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, “வாங்கோ, வெளியில கதைப்பம்” என்றார்.

தண்டவாளத்தைக் கடந்து கல்லில் இருந்தோம். நான் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு வசனமும் வரவில்லை. “கௌரி, அண்டைக்குக் கத்தினது…” என்று தொடங்கினேன்.

“நீங்கள்தான். மூண்டு அடியில நிண்டு கேட்டனான்.”

“அம்மாவுக்குத் தெரியாதோ?”

“சொல்லேல்லை. அந்த ரெண்டு நாளும் அவவுக்கு நல்லவரா ஒரு ஆள் தெரிஞ்சது நீங்கள் மட்டும்தான். அதையும் ஏன் பறிப்பான்?”

அதைக் கேட்டபின் என்னால் நிமிர முடியவில்லை. என்னை மன்னியுங்கோ என்று சொன்னேன். ஒரு ரயில் போனது. அது போய் முடிந்ததும் அவர் சொன்னார்:

“உள்ள என்னட்டைக் கேட்டவங்கள், சும்மா ஒருத்தி உன்னை ஏன் காட்டிக் குடுக்கப்போறாள் எண்டு. ஒரு கோலுக்காக எண்டு சொன்னனான். ஆரும் நம்பேல்லை.” பிறகு என் பக்கம் திரும்பினார். “லுத்பியா காலை இழுத்தவளோ, இல்லையோ?”

“இழுத்தவள்.”

“நீங்கள் கண்டனீங்களோ?”

“கண்டனான்.”

“அப்ப அதை எல்லாற்றை முன்னாலயும் சொல்லுங்கோ. மன்னிப்பைப் பிறகு பாப்பம். நான் பக்கம் பாத்து ஊதினனான் எண்டு பிள்ளையள் நினைச்சுக்கொண்டிருக்குதுகள். அஞ்சு மாசமா எனக்கு அதுதான் கூடத் தாங்கேலாமல் கிடக்கு.”

இருபத்துநான்காம் திகதி பொதுக்கூட்டம். கோவையை அன்றைக்குத்தான் ஏற்க வேண்டும். பயிற்றுநர் பகுதியை இன்று காலை பூசை முடிந்து வந்து திரும்ப எழுதினேன். ஒன்பது விதிகள்.

எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள்.

அக்கா


கொட்டாஞ்சேனை,
27.08.1997

அன்பின் தம்பிக்கும் றஞ்சிதத்துக்கும்,

சுகம். இரண்டு நாள் காய்ச்சல் காய்ந்தது, விட்டுவிட்டது.

கூட்டம் ஸவாஹிர் நானாவின் கொம்பனித்தெருக் கடை மேல்மாடியில். அறுபது பேர் வரை. பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கோவையை வாசிக்க எழும்பினேன். வாசிக்கவில்லை. முதலில் அந்தக் கோலைச் சொன்னேன். “லுத்பியா காலை இழுத்தது எனக்குத் தெரியும். விசில் சரி. பிழை சொன்னது நான்.” லுத்பியா தலையைக் குனிந்தாள், அவளுக்கும் தெரிந்திருக்கிறது. பிறகு மற்றதைச் சொன்னேன். என்ன கத்தினேன், எந்த மொழியில் கத்தினேன், யாருக்குக் கேட்கக் கத்தினேன் என்று.

பிறகு கோல் காவல் பிள்ளையின் தாய் நேசம் எழும்பினாள். “கோவத்தில ஒரு சொல்லு எல்லாருக்கும் வாறதுதான். வெளியில தெரிஞ்சா எங்கட கிளப்புக்குத்தான் மானக்கேடு. இதை இதோட விடுவம்” என்றாள். கனபேர் ஓம் ஓம் என்றார்கள். எனக்கு அந்த நேரம் ஆறுதலாக இருந்தது, தம்பி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று மாதம் விலக்கினால் போதும் என்று செயற்குழு சொன்னது. பின்வரிசையிலிருந்து கௌரி கையை உயர்த்தினார். அவரை ஸவாஹிர் நானா நேரில் போய் அழைத்திருந்தார்.

“விதியில ஒரு வருஷம் எண்டு கிடக்கு” என்றார் கௌரி. “எழுதினது அவதானே. முதல் ஆளுக்கே குறைச்சால், ரெண்டாவது ஆளுக்கு என்ன சொல்லுவியள்?”

கை உயர்த்திக் கோவையை ஏற்றார்கள்; எனக்கும் விதிப்படியே. ஒரு வருடம். மைதான வாசலைத் தாண்டக்கூடாது. செயலாளர் பதவியும் விட்டேன்.

அதற்குப் பிறகு ஸவாஹிர் நானா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நானும் அண்டைக்கு அங்கதான் ஈந்த. கேட்ட. தெரிஞ்சிக்கிட்டே ஒரு பார்வையாளர் எண்டு எழுதச் செல்லின. அதயும் மினிட்ஸ்ல போடுங்க” என்றார். புதிய செயலாளர் எழுதினார்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். ஆனால் மார்ச் மாதத்துக்குப் பிறகு நேற்று இரவுதான் விடியும்வரை தூங்கினேன்.

அக்கா


வெள்ளவத்தை,
12.09.1997

மதிப்பிற்குரிய இமெல்டா அவர்களுக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் சுகம். உங்களுக்குக் காய்ச்சல் என்று ஸவாஹிர் நானா சொன்னார்; மாறியிருக்கும் என நம்புகிறேன்.

நான் திரும்பவும் நடுவராக வரச் சம்மதித்துவிட்டேன். சங்கத்துக்கு இரண்டு நிபந்தனை எழுதினேன். மைதானத்துக்கு வரும் நடுவரை வாசலிலிருந்து கோடு வரைக்கும், ஆட்டம் முடிந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் குழுவினர் இருவர் கூட்டிச் செல்ல வேண்டும். கோவையின் முதல் வரியாக இது வர வேண்டும்: “நடுவரிடம் விதியைக் கேட்கலாம், ஊரைக் கேட்கக்கூடாது.” இரண்டுக்கும் ஓம் என்றார்கள்.

அம்மாவுக்கு நீங்கள் வந்து சொன்னது நல்லது. அவர் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று வருந்த வேண்டாம். அவசரப்படுத்தவும் வேண்டாம். அது அவருடைய கணக்கு.

இன்னொன்று. ஒரு சங்கத்துக்கு இரண்டு நடுவர் காணாது. சனிக்கிழமைகளில் நடுவர் வகுப்புத் தொடங்குகிறேன். ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள், எல்லாரும் இருபதுக்கு உட்பட்டவர்கள். உங்களுக்கு ஒரு வருடம் மைதானத்தில் வேலை இல்லை. எட்டாவதாக உங்கள் பெயரைப் பதிந்திருக்கிறேன். விருப்பமில்லையென்றால் வெட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கௌரி


மஸ்கற்,
18.10.1997

அன்பு அக்காவுக்கு,

புதன்கிழமை கோட்டையில் குண்டு வெடித்த செய்தியை ரேடியோவில் கேட்டோம். மூன்று நாளாகத் தொலைபேசி கிடைக்கவில்லை. புதுக்கடையிலிருந்து கோட்டை எவ்வளவு கிட்ட என்று றஞ்சிதம் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். இரண்டு வரி போடுங்கள். கௌரிக்கும் தாய்க்கும் பிரச்சினை ஒன்றும் இல்லைத்தானே? இப்படி ஒன்று நடந்தால் வெள்ளவத்தை அறைகளைத்தான் முதலில் தட்டுவார்கள்.

நீங்கள் வகுப்புக்குப் போகிறீர்கள் என்று போன கிழமைக் கடிதத்தில் வாசித்துச் சிரித்தேன். நல்ல சிரிப்புத்தான்.

கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

தம்பி


கொட்டாஞ்சேனை,
07.12.1997

அன்பின் தம்பிக்கும் றஞ்சிதத்துக்கும்,

தந்தி கிடைத்திருக்கும். நான் சுகம்தான் என்று அதில் சொல்லிவிட்டாலும் முழுக்கச் சொல்ல இன்றைக்குத்தான் நேரம் வந்தது. அலுவலகத்தில் இரண்டு கண்ணாடி உடைந்தது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

நீ பயந்தபடியே வெள்ளவத்தையில் இரண்டு நாள் வீடு வீடாகப் பார்த்தார்கள். கௌரியின் பதிவு சரியாக இருந்தது. ஆனாலும் பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். இந்தமுறை ஸவாஹிர் நானா, நான், வெள்ளவத்தை அணியின் பயிற்றுநர், நேசம், நான்கு பேரும் கூடப் போனோம். ஆம், நேசமும்தான். ஒரு மணித்தியாலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். சிவமணி அம்மா எல்லாருக்கும் நன்றி சொன்னார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். எனக்கு அது காணும்.

மைதானம் ஒரு மாதம் மூடிக் கிடந்தது. வகுப்பு நிற்கவில்லை. கௌரியின் அறையில் பாயை விரித்து, சட்டைப் பொத்தான்களை ஆட்களாக வைத்துப் படித்தோம். எனக்குப் பக்கத்தில் இருக்கிறவள் பதினெட்டு வயதுப் பெண். நான் விடை பிழைவிட்டால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். எட்டு வருடம் பயிற்சி கொடுத்த எனக்கு, தடுக்கிறவர் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று நிச்சயமாகத் தெரியாது என்பது அங்கேதான் தெரிந்தது.

நேற்று முதல் முறை விசில் தந்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூட முற்றம். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், சும்மா பழக்க ஆட்டம். வெளியிலிருந்து பார்த்தபோது முற்றம் சின்னது. நடுவில் நின்றால் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, தம்பி! பதினான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பதினான்கு பக்கம் ஓடுகிறார்கள். கௌரி கோட்டுக்கு வெளியே தாளும் பேனையுமாக நின்றார்.

மூன்றாம் பகுதியில் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையின் கையில் தட்டிப் பந்தை எடுத்தாள். ஊதினேன். சுவரோரம் நின்ற ஒரு தாய், “கண் தெரியாட்டி வீட்ட இருக்கிறதுக்கு என்ன!” என்று கத்தினாள். அவளோடு நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

கௌரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தாளில் எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. ஒருவரும் எனக்காகப் பேசப்போவதில்லை என்று விளங்கியது. நான் ஊதியது சரிதானா என்று எனக்குள்ளேயே ஒருமுறை கேட்டேன். சரிதான். தட்டியதைக் கண்டேன். தட்டுப்பட்ட பிள்ளை கையைத் தடவியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்தை அவளிடம் கொடுத்தேன். ஆட்டம் தொடர்ந்தது.

முடிந்ததும் கௌரி தாளைக் காட்டினார். ஆறு பிழை. மூன்றாம் பகுதிக்கு நேரே ஒரு சரி அடையாளம் போட்டிருந்தார்.

படலையடியில் அந்தத் தாய் காத்து நின்றாள். கையில் ஒரு சோடாப் போத்தல். “மிஸ், நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. பிள்ளை எண்டா ஒரு மாதிரி வந்திடுது” என்றாள். பரவாயில்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பரவாயில்லை என்பது உண்மை இல்லை. பையிலிருந்து கோவையில் ஒரு பிரதியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். “வாசிச்சுப் பாருங்கோ. அடுத்த சனியும் வாங்கோ, நடுவர் வகுப்புக்கு ஆள் காணாது” என்றேன். சோடாவை இரண்டு பேருமாகக் குடித்தோம்.

நத்தாருக்கு உங்கள் இருவரையும் நினைத்துக்கொள்வேன். நல்ல சுகமும் சமாதானமும் உங்களோடு இருக்கட்டும். பரீட்சை பெப்ரவரியில்.

அன்புடன்,
அக்கா இமெல்டா